வட்டத்தின் பின்பாதி

நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்தது. அதன்பின் விட்டதில்லை. இப்போது எழுதப்போவது அதற்கு முந்தைய காலம்; நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஒரு வாடைக்காலம். அந்த மாதங்களைப் பற்றி என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அதனால் நிச்சயமாக நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன். சந்தேகம் வந்த இடங்களில் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டேன். அவளும் நானும் ஒத்துப்போகாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீவுக்குச் சாலைப் பாலம் வருவதற்கு முன்பு தங்கச்சிமடத்தில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். பெயர் மறந்திருந்தாலும் 'தட்டு எறியுற பிள்ளை' என்றால் நினைவு வரும். வட்டு எறிதலில் மாநிலப் பட்டம் வாங்கிய முதல் பெண் நம் கடற்கரையில் அவள்தான். பள்ளி ஆண்டு விழாக்களில் அவளை மேடையேற்றும்போது, சிறு வயதில் கடலில் கல் எறிந்து பழகினாள் என்று யாராவது ஒருவர் பேசுவார். அக்கா மறுக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவள் கல் எறிந்து நான் பார்த்ததில்லை. அவள் எறிந்தது வலை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அய்யா விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா கடற்பாசி எடுக்கப் போவாள். அய்யாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் கட்டிய கயிற்றின் முனையில் பாசிப் பை மிதக்கத் தென்கடலில் மூழ்கி எழுவாள். மாலையில் அந்தத் துணிகளை அவிழ்க்கும்போது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய விரல்களோ போல இருக்கும். அந்த விரல்களால்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னலில் நாள் முழுக்கப் பாசி வாடை அடிக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்துவாள். அவளுடைய அம்மாவும் பாசி எடுக்கிறவள்தான்.

அந்த வருடம் படகைக் கரையேற்றும்போது வடம் அறுந்து அய்யாவின் வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுச் சரியான பிறகும் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. படகு வேலை நின்றது. குழம்புக்கு மீன் பிடிக்கிற வீச்சுவலையையும் அவரால் போட முடியவில்லை. ஒருநாள் காலையில் அக்கா யாரையும் கேட்காமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

"பொம்பளப் பிள்ள வலை வீசுறதா? ஊரு சிரிக்கும்," என்றார் அய்யா.

"சிரிக்கட்டும். மத்தியானம் அவுக வீட்டுல போயிச் சாப்பிடுவோம்," என்றாள் அம்மா.

வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். எங்கள் வீடு வடகரையில். தண்டவாளத்தைத் தாண்டிப் பனங்காட்டு வழியாகத் தென்கரைக்கு நடப்போம். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். வீச்சுவலையைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாம் அதிலிருந்து வந்தது. வலையின் உச்சியிலிருந்து வரும் கயிறு வீசுபவர் மணிக்கட்டில் மாட்டியிருக்கும். ஓரத்தில் ஈயக் குண்டுகள். ஓரத்தின் ஒரு பகுதியைப் பல்லில் கவ்விக்கொண்டு, உடம்பை முறுக்கித் திரும்பி விட்டால் வலை வட்டமாக விரிந்து விழும். அது விழும்போது வீசியவர் நின்ற இடத்திலேயே நிற்கக்கூடாது. வலையோடு கூடவே தண்ணீருக்குள் நாலு எட்டு நடக்கவேண்டும். நின்றுவிட்டால் கயிறு வெட்டி இழுத்து, வலை தரையைத் தொடும் முன்பே சுருங்கிவிடும். மீன் போய்விடும்.

அக்காவுக்கு முதலில் மீன் போய்க்கொண்டேதான் இருந்தது. பிறகு கால்கள் கற்றுக்கொண்டன. உதட்டோரத்தில் ஈயம் உரசிக் கறுப்பாக ஒரு தழும்பு விழுந்தது. அது இன்னும் இருக்கிறது.

பள்ளிக்கு அந்த வருடம் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான்கள் வந்தன. பி.டி. டீச்சர் அபிராமம் பக்கத்து ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். கடலைக் கண்டால் பயம். பாம்பன் பாலத்தில் ரயில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். பெட்டியிலிருந்து அவர் எடுத்த வட்டு மரத்தால் ஆனது, சுற்றிலும் இரும்புப் பட்டை. மாணவிகள் ஒவ்வொருவராக எறிந்தார்கள். பலருடைய கையிலிருந்து அது கீழே விழுந்து சக்கரம் மாதிரி உருண்டது. அக்காவின் முறை வந்தபோது அவள் வட்டை வாங்கி, மணிக்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, உடம்பை முறுக்கித் திரும்பினாள்.

வட்டு சுவரைத் தாண்டிக் கன்னியர் மடத்துத் தோட்டப் பக்கம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு கையில் வட்டும் மறு கையில் உடைந்த சுரைக்காயுமாக வந்தார்.

"யாரு செஞ்சது இது?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். பி.டி. டீச்சர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், சுரைக்கா எந்த இடத்துல கெடந்துச்சு? கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று அளக்கும் நாடாவோடு ஓடினார்.

அன்றிலிருந்து வட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. உப்புக் காற்றில் இரும்புப் பட்டை துருப்பிடிக்கும் என்று அய்யா தினமும் அதில் மீனெண்ணெய் தடவி வைப்பார். அதனால் பூனை அதைச் சுற்றிச் சுற்றி வரும். பள்ளி மைதானம் முழுக்க மணல். டீச்சர் சுண்ணாம்பில் வட்டம் போடுவார், இரண்டாவது ஆள் எறிவதற்குள் கோடு கலைந்துவிடும். வட்டாரப் போட்டியும் அதே மைதானத்தில்தான் நடந்தது. அக்கா எறிந்த தூரத்தைப் பார்த்து எல்லோரும் வட்டு விழுந்த இடத்துக்கு ஓடினார்களே தவிர, அவள் கால் எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. டீச்சரும் பார்க்கவில்லை.

அடுத்து ராமநாதபுரத்தில் மாவட்டப் போட்டி. அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் நகரத்தில் விளையாட்டு விடுதியில் சேர்ந்து கல்லூரியில் படிக்கலாம் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். அய்யாவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதே வாரத்தில் அத்தையிடமிருந்து ஆள் வந்தது.

அத்தை அய்யாவின் மூத்த சகோதரி. பாம்பன் பாலத்துக்கு அக்கரையில் வாழ்ந்தாள். அவள் மகன் சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தார். அக்காவை அவருக்குக் கட்டுவதென்று பேச்சு முன்பே இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தானே வந்து நிச்சயம் பண்ணிக்கொள்வதாகவும், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தவக்காலம் தொடங்குமுன் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். மாநிலப் போட்டி பொங்கலுக்குப் பிறகு. நிச்சயம் ஆன பெண்ணை வெளியூருக்கு எறிய அனுப்பமாட்டார்கள். பரீட்சைக்கே அனுப்புவார்களா என்பது சந்தேகம்.

"இந்த மாவட்டப் போட்டியோட போதும்த்தா," என்றார் அய்யா. "எங்கூடப் பொறந்தவ கேட்டு நான் இல்லன்னு சொல்ல முடியுமா? தோளு இருந்தாலாவது ரெண்டு வருசம் பொறுக்கச் சொல்லலாம்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா விரல் துணிகளை அலசிக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "மொதல்ல கஞ்சியக் குடி. காலையில ரயிலு," என்றாள்.

அந்தப் பதிலுக்காக அக்கா அன்றிரவு அம்மாவிடம் பேசவில்லை என்பது என் நினைவு. அக்கா இதை மறுக்கிறாள். தூங்கிவிட்டதாகச் சொல்கிறாள்.

ராமநாதபுரத்துக்கு டீச்சர், அய்யா, அக்கா, நான் என நான்கு பேரும் போனோம். வேறு வேலையாக வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் மைதானத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். அக்கா அம்மாவின் பாசிச் சட்டையைப் போட்டிருந்தாள். அது துவைத்துத் துவைத்து மென்மையாகியிருந்தது. கை வீச வசதி என்றாள். அங்கே வட்டம் சிமெண்டில் போட்டிருந்தது. கோடு கலையவே கலையாது. பக்கத்தில் ஒரு நாற்காலியில் நடுவர் வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் எறி. மற்றவர்கள் எறிந்த தூரத்துக்கு நட்டிருந்த எல்லாக் குச்சிகளையும் தாண்டி வட்டு விழுந்தது. எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

இரண்டாவது எறி இன்னும் தூரம். மறுபடியும் சிவப்புக் கொடி.

அய்யா கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டார். "ஏலே, எம்பிள்ள கோட்ட மிதிக்கலையே! கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"மிதிக்கல. முன்பக்கமா வெளிய வந்துட்டா. வட்டு விழுந்தப்புறம் பின்பாதி வழியாத்தான் வெளிய வரணும். இவ வட்டு விழுறதுக்கு முன்னாடியே நடந்து போறா," என்றார் நடுவர். கோபப்படாமல்தான் சொன்னார்.

"எறிஞ்சப்புறம் எந்தப் பக்கம் போனா ஒனக்கென்ன? தீவுக்காரப் பிள்ள ஜெயிக்கக்கூடாது, அதான சங்கதி!"

எங்கள் ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவர் எந்த ஊர், எந்தப் பள்ளி, ஜெயிக்கிற பெண் அவருக்கு என்ன உறவு என்றெல்லாம் பேச்சு எழுந்தது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். டீச்சர் அய்யாவைப் பின்னால் இழுத்துக்கொண்டே அக்காவிடம், "நின்னு எறி. சுத்தாத. நின்ன எடத்துல இருந்து எறி," என்று கத்தினார். அக்கா கடைசி எறியைச் சுற்றாமல், சுவரில் சாணி அடிப்பவள் மாதிரி நின்று எறிந்தாள். எறிந்ததும் அவள் வலது கால் முன்னால் எழுந்தது. இடது கையால் தன் தொடையைத் தானே பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் கொடி. அந்த எறிக்கே இரண்டாம் இடம் கிடைத்தது.

அய்யா கடைசிவரை அந்த நடுவர் அநியாயம் செய்தார் என்றே நம்பினார். இருபது வருடம் கழித்தும் ராமநாதபுரம் மைதானத்தைக் கடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பமாட்டார். டீச்சரோ அக்காவுக்குப் பதற்றம், மனசை அடக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டார். இரண்டு பேருமே அவள் மேல் அன்பு உள்ளவர்கள். இரண்டு பேருமே அவள் காலைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ரயில் பாம்பன் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. டீச்சர் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் ஒருவர் வீச்சுவலை போட்டார். வலை விரிந்தது. அவர் அதன் பின்னாலேயே தண்ணீருக்குள் நடந்தார்.

அக்கா என் கையை அழுத்தினாள். "பாத்தியா, அந்தாளு போறாரு பாரு."

"போகணும்ல. இல்லன்னா கயிறு இழுத்துரும்."

"எனக்குத்தான் கையில கயிறே இல்லையேடி," என்றாள் அக்கா. "நான் யாரு பின்னால போறேன்?"

பாலம் முடியும்வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அய்யா, தோற்ற துக்கத்தில் பிள்ளை என்னவோ ஆகிவிட்டாள் என்று நினைத்து முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

காரணம் தெரிந்துவிட்டது, கால் கேட்கவில்லை. அடுத்த நாள் மணலில் குச்சியால் ஆழமாக வட்டம் கீறி எறிந்து பார்த்தாள். நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டால் எறி வரவில்லை. எறி வந்தால் கால் போய்விட்டது. காலையில் குழம்புக்கு வலை வீசித்தான் ஆகவேண்டும், அதில் நடக்கவேண்டும். உடனே வட்டு எறியவேண்டும், அதில் நிற்கவேண்டும். சாயங்காலம் அம்மா உட்கார்ந்து பாசியை உதறிக்கொண்டிருந்தபோது அக்கா போய்க் கேட்டாள்.

"அம்மா, ஒங்க இடுப்புக் கயித்தக் குடுங்க."

"எதுக்கு?"

அக்கா எழுந்து நின்று, சுற்றி, எறிந்து, நடந்து, எல்லாவற்றையும் செய்து காட்டினாள். தங்கச்சி பின்னால் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வாள், எறிந்ததும் வெட்டி இழுப்பாள், நாலு நாளில் கால் புரிந்துகொள்ளும் என்றாள். அம்மா முழுவதையும் கேட்டாள். கயிற்றைக் கழற்றி அக்காவின் இடுப்பில் தானே சுற்றி, முடிச்சை முதுகுப் பக்கம் கொண்டுபோனாள்.

"முன்னால போட்டா வயித்த இறுக்கும். இங்கன போடு," என்றாள். என்னிடம், "காலுக்கு ஒரு குழி தோண்டிக்கிட்டு நில்லு. இல்லன்னா ஒன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவா," என்றாள்.

அந்தக் கயிறு பருத்தி. வருடக்கணக்காகக் கடலில் ஊறி, காய்ந்தால் விறைத்து, நனைந்தால் பாம்பு மாதிரிக் குழையும். முதல் இரண்டு நாள் நான் இழுபட்டுக் குப்புற விழுந்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. அம்மா தன் விரல் துணியில் இரண்டை எனக்குக் கொடுத்தாள். பிறகு பழகிவிட்டது. விடியற்காலையில் தென்கரையில் அக்கா சுற்றுவாள், வட்டு பறக்கும், நான் "நில்லு!" என்று கத்திக்கொண்டே இழுப்பேன், அவள் பின்பக்கமாக இரண்டு எட்டு வைத்து வட்டத்தைவிட்டு இறங்குவாள். ஊரில் சிலர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஆட்டை அவிழ்த்துவிடு என்றார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு காலையில், சொல்லியிருந்த நாளுக்கு முன்பாகவே அத்தை வந்துவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை. பிள்ளைகள் தென்கரையில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தபோது, அத்தை பனை மரத்தடியில் ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

அத்தை குடியிருந்தது ஒரு புனிதர் கோயிலுக்குப் பக்கத்தில். பேய் பிடித்தவர்கள், மனம் கலங்கியவர்கள் என்று ஊர் ஊராக அங்கே கூட்டிவருவார்கள். இடுப்பில் கயிறு கட்டி, அதன் முனையைக் கூட வந்த உறவுக்காரர் பிடித்திருப்பார். சிலர் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். கையில் கிடைத்ததை எறிவார்கள். அத்தை தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பது அது. பள்ளிக்கூடத்துப் போட்டி என்றால் அவளுக்குத் தெரிந்தது ஓட்டம் மட்டும்தான்.

"எப்ப இருந்து இப்படி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ராமநாதபுரம் போயிட்டு வந்ததுல இருந்து, அத்தை. அம்மாதான் கயிறு குடுத்துச்சு," என்று பெருமையாகச் சொன்னேன்.

அத்தை அக்காவிடம் போகவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் வந்திருந்தாள். அவளும் அத்தையும் அடுப்படியில் இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. எங்கள் அடுப்படிக் கதவு சாத்தி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். வெளியே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. அத்தை சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழுந்தாள். அக்காவின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, கன்னத்தைத் தொட்டு முத்தம் கொஞ்சினாள். எங்களுக்கென்று கொண்டுவந்த மிக்சர் பொட்டலத்தை வைத்துவிட்டு, பையிலிருந்த சேலையை எடுக்காமலே அடுத்த ரயிலுக்குப் போய்விட்டாள். சேலையின் ஓரம் பைக்கு வெளியே தெரிந்தது. நல்ல அரக்கு நிறம்.

அய்யா திரும்பி வந்ததும் அம்மா ஒரே வரிதான் சொன்னாள். "மதினிக்கு மனசில்லையாம். வேற எடம் பாக்குறாகளாம்."

"ஏன்?"

"ஏன்னு நான் என்னத்தக் கேக்க?"

அய்யா வெகுநேரம் தன் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை போனவன் வீட்டில் பெண் எடுக்க மனம் வரவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். அத்தை மகனின் கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்களையும் அனுப்பவில்லை. கூடப் பிறந்தவளோடு பல வருடம் பேச்சில்லை. பிறகு பேசினார்கள், பழையபடி பேசவில்லை. நானும் அத்தையைக் கல்நெஞ்சுக்காரி என்றே நினைத்து வளர்ந்தேன். அந்த அரக்குச் சேலையைத் திருப்பி எடுத்துப்போனதை மனதுக்குள் குற்றமாக எழுதி வைத்திருந்தேன். அக்காவோ, அய்யாதான் இரகசியமாக ஆள் அனுப்பிச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டு வெளியே கோபம் காட்டுகிறார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் அவரிடம் கடைசிவரை தனிப் பிரியமாக இருந்தாள்.

தடுக்க எதுவும் இல்லாததால் பொங்கலுக்குப் பிறகு அக்கா மாநிலப் போட்டிக்குப் போனாள். டீச்சர் மட்டும் கூடப் போனார். எனவே இது அவர் வந்து சொன்னது. முதல் எறியிலேயே வட்டு போய் விழுந்ததாம். அக்கா வட்டத்துக்குள் அசையாமல் நின்றாளாம். நாடா பிடித்து அளந்து முடித்தார்கள், வெள்ளைக் கொடி இறங்கிவிட்டது, அடுத்த பெண் வந்து நிற்கிறாள், இவள் நகரவில்லை. "வெளிய வாம்மா," என்று நடுவர் கூப்பிட்டிருக்கிறார். அக்கா, யாரோ இடுப்பில் சுண்டி இழுத்த மாதிரி, பின்பக்கமாக இறங்கி வந்தாளாம். தங்கப் பதக்கம். டீச்சர் இதை எங்கள் வீட்டு வாசலில் நின்று நடித்துக் காட்டினார். அம்மா அப்போதுதான் கடலிலிருந்து வந்து நின்றாள், உடம்பெல்லாம் ஈரம். "கயிறு இல்லாமலா நின்னா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் அக்காவின் வாழ்க்கை ஊர் அறிந்தது. விடுதி, கல்லூரி, வெளிமாநிலப் போட்டிகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை, தன்னோடு வேலை பார்த்தவரோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மூட்டு வலி, ஓய்வு. அவளுடைய மாநிலச் சாதனை சில வருடங்கள் நின்று, பிறகு அழிந்தது. அழித்த பெண்ணுக்கு அக்கா வாழ்த்து அனுப்பினாள். அந்த மர வட்டு வெகுநாள் எங்கள் வீட்டில் கருவாட்டுச் சாடிக்கு மூடியாக இருந்தது. அய்யா இறந்த வருடம் வீட்டுக்குக் கூரை மாற்றியபோது சாடியோடு எங்கோ போய்விட்டது. கயிறும் இல்லை. அம்மா அதே கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இன்னும் பல வருடம் பாசிக்குப் போனாள். அது அறுந்ததோ, மாற்றினாளோ, நான் கவனிக்கவில்லை.

அம்மா சென்ற வருடம் இறந்தாள். இதிலிருந்து என் நாட்குறிப்பில் இருக்கிறது.

அடக்கத்துக்கு அத்தை வந்திருந்தாள். நடை தளர்ந்து, ஒரு பேரன் பிடித்துக் கூட்டிவந்தான். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பு, வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக் குனியச் சொன்னாள்.

"ஒங்க அக்காளுக்கு இப்பச் சொகமாயிருச்சா?"

மூட்டு வலியைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "பரவால்ல அத்தை. மாத்திரை சாப்பிடுறா."

"மாத்திரைக்குக் கேக்குதா? அப்ப நல்லது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அன்னைக்கு அடுப்படியில வச்சு ஒங்கம்மா எங்காலப் பிடிச்சுக்கிட்டா. 'வயசுக்கு வந்ததுல இருந்து இப்படித்தான் மதினி, வாடை அடிச்சா வந்துருது, கயித்தப் போட்டுக் கட்டித்தான் வச்சிருக்கோம். தெரிஞ்சே ஒங்க பிள்ள தலையில கட்ட எனக்கு மனசில்ல. வெளிய தெரிஞ்சா அவ பொழப்பு போயிரும்'ன்னு அழுதா. சத்தியம் வாங்கிக்கிட்டா. நான் ஒருத்தர்ட்டயும் வாயத் தொறக்கல. எந்தம்பி, பாவம், என்னைய என்னென்னமோ பேசுனான். அப்பயும் சொல்லல."

உள்ளே பாட்டு முடிந்து மணி அடித்தார்கள்.

"பொம்பளப் பிள்ளைய வச்சிருக்குறவ, அவளா வந்து உண்மையச் சொன்னா பாரு. யாரு சொல்லுவா?" என்றாள் அத்தை. "அதுக்காகத்தான் இன்னைக்கு வந்தேன்."

கல்லறைத் தோட்டத்தில் மணல் ஈரமாக இருந்தது. சாமியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குழியருகே போய் ஒரு பிடி மண்ணைப் போட்டார்கள். போடுகிற எல்லோரும் மண் விழுந்த இடத்தைப் பார்க்க ஒரு எட்டு முன்னால் போய் எட்டிப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கடைசியில் அக்கா போனாள். மண்ணை எடுத்தாள். கையை நீட்டி விட்டாள். மண் பெட்டிமேல் விழும் சத்தம் கேட்கும்வரை இரண்டு காலும் ஊன்றி அப்படியே நின்றாள். பிறகு திரும்பாமல், முதுகுப் பக்கமாகவே இரண்டு எட்டு வைத்து இறங்கினாள்.

அத்தை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னும் விடல போல," என்றாள்.

"ஆமா அத்தை. அது விடாது."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். என் கையை விட்டுவிட்டு, அக்கா நின்ற பக்கமாக என்னை மெல்லத் தள்ளினாள். "போ. போயிப் பிடிச்சுக்க."

போனேன். அக்காவுக்குப் பின்னால் நின்று, இடுப்பில் செருகியிருந்த அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

"ஒண்ணுமில்ல. அத்தை பிடிச்சுக்கச் சொன்னாக."